மாட்டுவண்டி கிரேனும் மாலேகாவ் சூப்பர்மேனும்

மாட்டுவண்டியிலிருந்து மாடுகளை அவிழ்த்துவிட்டால் மிஞ்சுவது இரண்டு சக்கரங்களும் நடுவில் ஓர் அச்சும்தான். பின்பக்கத்தை நாலு பேர் சேர்ந்து அழுத்தினால் நுகத்தடிப் பக்கம் மேலே எழும். அந்த முனையில் ஒருவர் கேமராவோடு தொற்றிக்கொண்டால் கிரேன் தயார். வாடகை கிடையாது. டீசல் செலவு கிடையாது. அழுத்துபவர்கள் சிரிக்காமல் இருந்தால் காட்சி ஆடாமல் வரும்.

மகாராஷ்டிரத்தின் மாலேகாவில் நாசிர் ஷேக் உயரத்திலிருந்து பார்க்கும் காட்சிகளை இப்படித்தான் எடுத்தார். கேமரா நகர வேண்டுமென்றால் சைக்கிள். ஒருவர் உருட்ட, இன்னொருவர் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் படம் எடுப்பார். நடித்தவர்கள் விசைத்தறித் தொழிலாளிகள், கடைக்காரர்கள், வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞர்கள். எவருக்கும் சம்பளம் கிடையாது. படங்களோ, இந்தியா முழுவதற்கும் மனப்பாடமான பழைய படங்களின் கேலி வடிவங்கள்.

நாசிக் மாவட்டத்தில், மும்பையிலிருந்து சுமார் 300 கி.மீ. தொலைவில் இருக்கிறது மாலேகாவ். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அவர்களில் முக்கால் பங்குக்கு மேல் முஸ்லிம்கள். 1857 கிளர்ச்சிக்குப் பிறகும் பஞ்ச காலங்களிலும் உத்தரப் பிரதேசப் பகுதிகளிலிருந்து தறியோடு இடம்பெயர்ந்த நெசவாளர்களின் வாரிசுகள் பலர். கைத்தறி விசைத்தறியானது, வீட்டின் ஒரு பாதியில் குடும்பம், மறுபாதியில் தறி என்றானது. குமாரபாளையத்திலோ பள்ளிபாளையத்திலோ ஒரு தெருவில் நடந்து பார்த்தவர்களுக்கு இந்த ஊரின் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை. ஷிஃப்ட் 12 மணி நேரம். வாரத்தில் ஒரு நாள் அந்தச் சத்தம் ஓய்கிறது: வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்ததும் ஆண்கள் கூட்டம் நேராகப் போவது சினிமாவுக்கு.

கொட்டகைகள் போதாத குறையைத் தீர்த்தவை வீடியோ பார்லர்கள். ஒரு கூடம், பெஞ்சுகள், டெக், திரை. டிக்கெட் சில ரூபாய். அப்படி ஒரு பார்லரைத்தான் நாசிர் ஷேக் நடத்தி வந்தார். கல்யாண வீடியோ எடுப்பது உப தொழில். பார்லரில் உட்கார்ந்து அவர் பார்த்தது திரையை மட்டுமல்ல, திரையைப் பார்ப்பவர்களையும்தான். புரூஸ் லீ அடிக்கும்போது உயிரோடு இருக்கும் கூடம், ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினால் தூங்கிவிடும். இரண்டு டெக்குகளை இணைத்து, பேச்சை வெட்டி எறிந்து அடிதடியை மட்டும் வைத்து ஓட்டினார். சாப்ளினும் பஸ்டர் கீட்டனும் ஜாக்கி சானும் அவர் கையில் வெட்டுப்பட்டார்கள். பணம் கொடுத்துப் படித்தாலும் கிடைக்காத எடிட்டிங் பாடம் இது. அந்தப் பாடத்தின் சட்ட நிலை வேறு விஷயம். உரிமை வாங்காத படங்களை ஓட்டுவது குற்றம். போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டியிராத ஒரே படம் தானே எடுத்த படம்தான்.

அவர் எடுத்துக்கொண்டது 'ஷோலே'.

இதைவிடப் பெரிய படத்தை அவர் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. 1975 ஆகஸ்ட் 15-ம் தேதி வெளியான ரமேஷ் சிப்பியின் படம். பெங்களூர் அருகே ராமநகரத்துப் பாறைகளுக்கிடையே ஒரு கிராமத்தையே எழுப்பி, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எடுத்து, 70 எம்.எம். திரையில் காட்டினார்கள். செலவு சுமார் ரூ. 3 கோடி, அந்தக் காலத்து 3 கோடி. ரயில் கொள்ளைக் காட்சிக்கு மட்டுமே வாரக்கணக்கில் உழைத்தார்கள். பாட்டுகளைப் போலவே வசனங்களையும் தனி இசைத்தட்டாகப் போட்டு விற்றார்கள். கப்பர் சிங் எப்போது எச்சில் துப்புவான் என்பதுகூட ரசிகர்களுக்குத் தெரியும்.

2000-ம் ஆண்டில் உருவான 'மாலேகாவ் கே ஷோலே'யின் செலவு சுமார் ரூ. 50,000. கொள்ளைக்காரர்களுக்குக் குதிரை இல்லை; சைக்கிள்கள் வந்தன. ரயிலுக்குப் பதில் பஸ். பசந்தியின் பெயர் பாஸ்மதி ஆனது. சைக்கிளில் பாயும் கொள்ளைக்கூட்டத்தைப் பார்த்துக் கூடம் அதிர்ந்தது. ஊர்க்காரர்களே திரையில், ஊரின் மேடு பள்ளங்களே சம்பல் பள்ளத்தாக்கு. பார்லரில் இரண்டு மாதம் ஓடி, ரூ. 2 லட்சம் அளவுக்கு வசூலித்ததாகச் சொல்கிறார்கள்.

போட்டதைப் போல நான்கு மடங்கு. இந்தக் கணக்கில் எழுதப்படாத இரண்டு செலவுகள் இருக்கின்றன. ஒன்று, நடித்தவர்களும் விளக்குப் பிடித்தவர்களும் வண்டியை அழுத்தியவர்களும் வாங்காத கூலி. இன்னொன்று, பார்வையாளர் வீட்டிலிருந்தே கொண்டுவந்த 'ஷோலே'. சைக்கிள் ஏன் சிரிப்பு மூட்டுகிறது? குதிரை மனதில் ஓடிக்கொண்டிருப்பதால்தான். சிப்பி 3 கோடி செலவழித்து ஒவ்வொருவர் தலைக்குள்ளும் கட்டிவைத்த ராமகட் கிராமத்தை மாலேகாவ் வாடகையில்லாமல் பயன்படுத்திக்கொண்டது. புதிய கதையை எடுத்திருந்தால் ரூ. 50,000 முதல் ரீலுக்குக்கூடப் போதாது. ஏழைப் படக்காரர்கள் பழைய படத்தைக் கேலி செய்வதற்கு ரசனை மட்டும் காரணமல்ல. அது ஒரு பொருளாதார முடிவு.

இன்னொரு காரணமும் உண்டு. வசதியில்லாதவர் பெரிய படத்தை அப்படியே நகலெடுத்தால், அழ வேண்டிய இடத்திலும் ஆட்கள் சிரிப்பார்கள். எப்படியும் சிரிக்கத்தான் போகிறார்கள் என்றால், அந்தச் சிரிப்பை முன்கூட்டியே திட்டமிட்டுவிடுவது புத்திசாலித்தனம். பாலிவுட்டின் பெரிய தலைகள் சிலருக்கு இந்தப் புத்தி வாய்க்கவில்லை. 2007-ல் ராம்கோபால் வர்மா அமிதாப் பச்சனையே கப்பர் பாணி வில்லனாக்கி 'ஷோலே'யை மீண்டும் எடுத்தார். அந்தப் படம் நகைப்புக்கு ஆளானது. நகைச்சுவை அவர் உத்தேசத்தில் இருந்ததில்லை. கூடவே வழக்கு. 'ஷோலே' உரிமையாளர்கள் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போக, 2015-ல் வர்மா தரப்புக்கு ரூ. 10 லட்சம் அபராத நஷ்டஈடு விதிக்கப்பட்டது. மாலேகாவின் ஐந்து படங்களுக்கு ஒத்த பணமல்ல, இருபது படங்களுக்கு ஒத்த பணம்.

சட்டம் மாலேகாவுக்கு மட்டும் சலுகை காட்டுகிறது என்று பொருளல்ல. 1957-ம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் கேலிப் படைப்புக்கென்று தனி விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. விமர்சனத்துக்காக நியாயமான அளவில் பயன்படுத்தலாம் என்று 52-வது பிரிவு சொல்கிறது. கேலியும் ஒரு விமர்சனம்தான் என்று வாதாட இடமிருக்கிறது, அவ்வளவே. வாதாட வக்கீல் வேண்டும். மாலேகாவைக் காப்பாற்றியது அதன் சின்ன உருவம். பெரிய கம்பெனிகளின் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் அது பறந்தது.

'மாலேகாவ் கே ஷோலே' ஓடியதும் ஊரில் எல்லோருக்கும் கை அரித்தது. கேமரா வைத்திருந்தவர்கள் டைரக்டர் ஆனார்கள். எந்த நட்சத்திரத்தின் சாயல் யாருக்கு இருந்தாலும் அவருக்கு வாய்ப்பு. நாசிர் 'மாலேகாவ் கி ஷான்' எடுத்தார். அதுவும் ஒரு ரமேஷ் சிப்பி படத்தின் கேலி. மற்றவர்கள் மற்ற படங்களை எடுத்தார்கள். இவை தறிக்காரர்களுக்காகத் தறிக்காரர்கள் எடுத்த படங்கள். ஊர்ப் பெண்கள் மட்டும் எந்தப் பக்கமும் இல்லை. பார்லருக்குள் அவர்கள் வருவதில்லை. நடிக்க வீடுகளில் சம்மதமில்லை. கதாநாயகிகளை வெளியூரிலிருந்து அழைத்து வந்தார்கள். யாருமே கூலி வாங்காத படத்தில் கூலி வாங்கியவர்கள் அந்தப் பெண்கள்தான். 'ஊரே சேர்ந்து எடுத்த படம்' என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் ஊர் என்பது பாதி ஊர்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இந்த ஆண்டுகளில் மாலேகாவின் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது சினிமாவுக்காக அல்ல. மோசம் என்று பெயர் கொண்ட ஆறு ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு கரையில் பெரும்பாலும் முஸ்லிம்கள், மறு கரையில் பெரும்பாலும் இந்துக்கள். (தமிழ்க் காதுக்கு அந்தப் பெயர் கேட்கும் விதத்துக்கு ஆறு பொறுப்பல்ல.) 2001-ல் கலவரமும் துப்பாக்கிச் சூடும். 2006 செப்டம்பர் 8-ம் தேதி, ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து மக்கள் வெளியேறும் நேரத்தில் மசூதியையும் இடுகாட்டையும் ஒட்டிக் குண்டுகள் வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த வழக்கில் கைதான ஒன்பது பேரும் உள்ளூர் முஸ்லிம் ஆண்கள் உள்ளிட்டவர்கள். 2016-ல் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 2008 செப்டம்பர் 29-ம் தேதி மீண்டும் வெடிகுண்டு, ஆறு சாவு. அந்த வழக்கின் ஏழு பேரும் 2025 ஜூலையில் விடுதலை. இந்த இரண்டு குண்டுவெடிப்புகளுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் மாலேகாவ் தன் சூப்பர்மேனைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தது.

அதைப் பதிவு செய்தவர் ஃபைசா அகமத் கான். 'சூப்பர்மென் ஆஃப் மாலேகாவ்' என்ற அவரது ஆவணப் படம் 2008-ல் முடிந்து, உலக விழாக்களைச் சுற்றி, 2012 ஜூனில் இந்தியத் தியேட்டர்களிலும் வந்தது. பாலிவுட்டை ஒரு கை பார்த்துவிட்ட நாசிர், அதில் ஹாலிவுட்டைப் பிடிக்கக் கிளம்புகிறார். பறப்பதற்கு வழி என்ன? பச்சைத் துணி. பச்சைப் பின்னணியில் ஆளைப் படம் பிடித்து, கணினியில் பச்சையை மட்டும் அழித்துவிட்டு அந்த இடத்தில் வானத்தை ஒட்டினால் ஆள் பறப்பார். ஹாலிவுட்டும் இதே வித்தையைத்தான் செய்கிறது. அவர்களுடைய துணி பெரியது, கணினி வேகமானது.

படப்பிடிப்பில் நடக்கக்கூடாதவை எல்லாம் வரிசையாக நடக்கின்றன. தண்ணீரில் ஒரு காட்சி எடுக்கும்போது இருக்கிற ஒரே கேமரா நீரில் விழுகிறது. பழுது பார்க்கும்வரை வேலை நிற்கிறது. பிறகு கதாநாயகனுக்குக் கல்யாணம், மறுபடியும் நிற்கிறது. சம்பளம் வாங்குபவரை 'நாளை காலை ஆறு மணிக்கு வா' என்று சொல்லலாம். சும்மா வருபவரை வரும்போதுதான் பிடிக்க முடியும். கூலியில்லாப் படக்குழுவின் முழு நிர்வாக சாஸ்திரமும் இதற்குள் அடங்கிவிடுகிறது. டைரக்டரின் வேலையில் பாதி, யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று நினைவு வைத்துக்கொள்வது. ஓவர்டைம் கிடைக்கிற வாரத்தில் வில்லனின் கையாட்கள் குறைந்துவிடுவார்கள். கதையை அதற்கேற்பத் திருத்திக்கொள்ள வேண்டும்.

சூப்பர்மேனாக நடித்தவர் ஷஃபீக் ஷேக். விசைத்தறித் தொழிலாளி. காற்று பலமாக அடித்தால் கிரேன் இல்லாமலே பறந்துவிடுவார் போன்ற உடம்பு. மார்பில் 'எஸ்' எழுத்துக்குப் பதில் 'எம்'. சட்டைக்கு மேல் போட்ட அரை டிராயரிலிருந்து நாடா தொங்குகிறது. காலில் ரப்பர் செருப்பு. கிரிப்டான் கிரகத்திலிருந்து வந்த தேகபலசாலியைக் கேலி செய்வதற்கு இதைவிட வேறு எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் அவர் நடிப்பில் கேலி இல்லை. வெட்கமும் பெருமையும் கலந்த முகத்தோடு, உடுப்புப் போட்டதும் நிஜமாகவே ஊரைக் காப்பாற்றப் போகிறவர்போல நிற்கிறார். படம் பார்த்தவர்கள் நினைவு வைத்திருப்பது அந்த முகத்தைத்தான்.

இந்த ஊரை எதிலிருந்து காப்பாற்றுவது? வேற்றுக்கிரகவாசிகளிடமிருந்தா? அங்கேதான் மாலேகாவ் கதாசிரியர்கள் ஹாலிவுட்டைவிட யோசித்தார்கள். அக்ரம் கான் நடித்த வில்லன் அழுக்கை நேசிப்பவன். மக்களைப் புகையிலைக்கு அடிமையாக்குவது அவன் திட்டம். பன்னிரண்டு மணி நேரம் தறியோடு நிற்பவனை விழிக்க வைத்துக்கொள்வது டீயும் குட்காவும்தான். நூல் தூசியில் வாய் உலர்ந்தால் ஒரு பொட்டலம், இரவு ஷிஃப்டில் கண் செருகினால் இன்னொன்று. பொட்டலத்தின் விலையைவிடத் தூக்கத்தில் அறுந்த நூலின் விலை அதிகம் என்பது தறி ஓட்டுபவரின் கணக்கு. அந்தக் கணக்கைத் தீர்த்து வைக்கச் சிவப்பு அங்கி போட்டவர் வருகிறார்.

ஷஃபீக் வாய்ப் புற்றுநோயால் இறந்தார். படம் முழுமையாகி ஊர் பார்ப்பதற்கும் அவர் போவதற்கும் இடையே அதிக நாள் இல்லை. புகையிலை வில்லனைத் திரையில் வென்றவருக்கு வெளியே அதே வில்லன். ஒரு கதாசிரியர் இதை எழுதியிருந்தால் 'மிகையாக இருக்கிறது, மாற்று' என்று சொல்லியிருப்பார்கள்.

நாசிரின் குழுவின் கதாசிரியர்களில் ஒருவர் ஃபரோக் ஜாஃப்ரி. ஆவணப் படத்தில் கேமராவைப் பார்த்து அதிகம் சிரிக்காதவர் அவர்தான். மும்பை 300 கி.மீ.தான், ஆனாலும் இத்தனை ஆண்டுகளில் அங்கே போய்ச் சேர முடியவில்லை என்கிற அர்த்தத்தில் அவர் பேசுவதைக் கேட்டால், அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள். தன்னார்வக் குழு என்றால் எல்லோரும் விளையாட்டுக்கு வந்தவர்கள் என்று வெளியே நினைக்கிறார்கள். அப்படியல்ல. வெள்ளிக்கிழமைப் பொழுதுபோக்குக்கு வந்தவர் ஒருவர், தன் முகத்தை ஊர் பார்க்க வேண்டுமென்று வந்தவர் ஒருவர், இதை ஏணியாக நினைத்து வந்தவர் ஒருவர். மூவரும் சம்பளம் வாங்காமல் ஒரே வண்டியைத்தான் அழுத்துகிறார்கள். வண்டி மேலே எழுந்த பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

பணம் வந்ததும் அதுதான் நடக்கும். ரூ. 50,000 படத்தில் ரூ. 2 லட்சம் வந்தால் மீதி யாருடையது? பணம் போட்டவருடையதா, எழுதியவருடையதா, சைக்கிள் ஓட்டியவருடையதா? நஷ்டமாகியிருந்தால் நாசிர் ஒருவர்தான் தாங்கியிருக்க வேண்டும் என்பது ஒரு நியாயம். கூலி கேட்காத நாற்பது பேர் இல்லையென்றால் நஷ்டப்படவே படம் இருந்திருக்காது என்பது இன்னொரு நியாயம். இரண்டும் சரியாக இருப்பதுதான் சங்கடம். சம்பளப் பட்டியல் இல்லாத இடத்தில் கணக்கு நட்பின் மேல் எழுதப்படுகிறது. அதை அழிக்க வேண்டி வந்தால் கூடவே மற்றதும் அழிகிறது.

இதை மும்பை புரிந்துகொண்டது என்பதற்குச் சாட்சி, ரீமா காக்தி இயக்கிய 'சூப்பர்பாய்ஸ் ஆஃப் மாலேகாவ்'. வருண் குரோவர் எழுதிய இந்தக் கதைப் படம் 2024 செப்டம்பரில் டொராண்டோ விழாவில் காட்டப்பட்டு, 2025 பிப்ரவரியில் இந்தியாவில் வெளியானது. நாசிராக ஆதர்ஷ் கௌரவ், ஃபரோக்காக வினீத் குமார் சிங், ஷஃபீக்காக சஷாங்க் அரோரா. நண்பர்கள் சேர்ந்து கலக்கினார்கள் என்று இனிப்பாக முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், முதல் வெற்றிக்குப் பிறகு பெயருக்கும் பணத்துக்கும் நண்பர்கள் முறைத்துக்கொள்வதையும், எழுதியவன் தனக்குரிய இடத்தைக் கேட்டுச் சண்டையிடுவதையும் படம் நடுவில் வைத்தது. பிரிந்தவர்களை மறுபடி சேர்ப்பது ஷஃபீக்கின் நோய். நிஜத்தில் பிளவுகள் இவ்வளவு ஒழுங்காகத் தையல் போடப்படுவதில்லை. என்றாலும் மும்பைப் படம் ஒன்று தன் தொழிலின் மிகப் பழைய வழக்கு எழுத்தாளனுக்குரிய மரியாதை என்பதை ஒப்புக்கொண்டது அபூர்வம்.

அந்தப் படத்தின் தயாரிப்பாளர்கள் பட்டியலில் ஃபர்ஹான் அக்தரும் ஜோயா அக்தரும் இருக்கிறார்கள். இருவரின் தந்தை ஜாவேத் அக்தர். சலீம் கானோடு சேர்ந்து 'ஷோலே'யை எழுதியவர். கதாசிரியர்களின் பெயரைச் சுவரொட்டியில் போட வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே போராடி வாங்கிய ஜோடி அது. தகப்பன் எழுதிய படத்தைக் கேலி செய்து ஓர் ஊர் படமெடுத்தது. அந்த ஊரைப் பற்றிப் பிள்ளைகள் படமெடுத்தார்கள். 'ஷோலே'க்கும் மாலேகாவுக்கும் இடையே உள்ள உறவு இதற்குமேல் நெருங்க முடியாது.

ஓட்டம் எந்தப் பக்கம் என்பதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. மாலேகாவ் மும்பையிடமிருந்து எடுத்துக்கொண்டபோது கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை. மும்பை மாலேகாவிடமிருந்து எடுத்துக்கொண்டபோது ஒப்பந்தம் போட்டது, பெயர்களைப் போட்டது, நாசிரைப் பக்கத்தில் நிற்க வைத்தது. முறையாக நடந்தது என்று சொல்ல வேண்டும். ஆனால் விற்பனைக்குப் போனது மாலேகாவ் எடுத்த படம் அல்ல. அதை எடுத்த கதை. 'மாலேகாவ் கே ஷோலே'க்கு உரிமைப் பத்திரம் கிடையாது, கிடைக்கவும் முடியாது. அதை எடுத்தவர்களின் வறுமைக்கும் உற்சாகத்துக்கும் மட்டும் சந்தை இருந்தது. நடுவில் நாசிருக்குச் சொந்தச் சரக்கை விற்கவும் ஒரு வாய்ப்பு வந்தது: வசனமே இல்லாத 'மாலேகாவ் கா சிண்ட்டு' என்ற நகைச்சுவைத் தொடரை அவர் சப் டி.வி.க்கு எடுத்துக் கொடுத்தார். கீட்டனையும் சாப்ளினையும் வெட்டி ஒட்டிய கைக்கு வசனம் இல்லாதது குறையாக இருந்திருக்காது.

வீடியோ பார்லர்களின் காலம் முடிந்துவிட்டது. சி.டி.க்கள் வந்தபோது மாலேகாவ் படங்கள் ஊருக்கு வெளியே பரவின. அதே வேகத்தில் திருட்டுப் பிரதிகளும் பரவின. பிறர் படத்தை உரிமையில்லாமல் ஓட்டிய ஊருக்கு அந்த அனுபவத்தின் மறுபக்கம் தெரிந்தது. பிறகு செல்போன். இப்போது மாலேகாவும் சுற்றியுள்ள காந்தேஷ் பகுதியும் யூ டியூபுக்காகக் காமெடித் துண்டுகளைத் தயாரிக்கின்றன. 'சோட்டூ தாதா' படங்களைக் கோடிக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள். இவை பழைய படங்களின் கேலி அல்ல, சொந்தக் கதைகள். ஒவ்வொரு பார்வையும் பணமாக எண்ணப்படுவதால் சும்மா வந்து வண்டியை அழுத்துபவர்களும் குறைந்திருக்கிறார்கள். கூலி கேட்கிறார்கள். கேட்பதில் தப்பு என்ன? தறிக்காரர் நடிக்க வரும் நாளில் தறிக்கூலி போகிறது. முதல் படத்தில் அதை அவர் கணக்கில் எடுக்காமல் விட்டது அவருடைய தாராளம். அதையே எல்லாக் காலத்துக்கும் விதியாக்கி, 'அந்தக் காலத்தில் காசு வாங்காமல் நடித்தார்கள்' என்று பெருமூச்சு விடுபவர்கள் பெரும்பாலும் காசு கொடுக்க வேண்டியவர்கள்தான்.

2025-ல் 'ஷோலே'க்கு 50 வயது. ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனும் சிப்பி குடும்பமும் சேர்ந்து அதன் பிரதியைச் செப்பனிட்டார்கள். நெருக்கடி நிலைக் காலத்துத் தணிக்கை மாற்றச் சொன்ன உச்சக்கட்டம் மீண்டும் சேர்க்கப்பட்டு, தாக்கூர் தன் காலாலேயே கப்பரைக் கொல்லும் பழைய முடிவோடு அந்த ஜூனில் இத்தாலியின் பொலோனியாவில் திறந்தவெளிச் சதுக்கத்தில் திரையிட்டார்கள். அவ்வளவு உழைப்புக்கும் தகுதியான படம்தான். வீடியோ நாடாவில் எடுத்த படங்களுக்கு அப்படி யாரும் வருவதில்லை. நாடா ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், பிரதிக்குப் பிரதி நிறம் மங்கும். மாலேகாவ் சூப்பர்மேனின் டிராயர் நாடா எந்த நிறம் என்று இன்னும் சில ஆண்டுகளில் வாக்குவாதம் வரலாம்.

'சூப்பர்பாய்ஸ் ஆஃப் மாலேகாவ்' இந்தியாவில் வெளியான 2025 பிப்ரவரி 28 ஒரு வெள்ளிக்கிழமை. பெரும்பாலான இந்திப் படங்கள் வெள்ளிக்கிழமைதான் வெளியாகின்றன. மாலேகாவில் அது தறிகள் நிற்கிற நாள்.